இன்னும் தைக்காத ஈட்டி

அநியாயம் செய்யப்பட்டவன் செலஸ்டின். பங்குனி மாதத்து இரண்டாம் ஞாயிற்றுக்கிழமை காலையில், கடலுக்கடியில் நாலு பாகம், அதாவது நாலு ஆள் ஆழத்தில், அவனை நோக்கி ஒருவன் ஈட்டித் துப்பாக்கியால் சுட்டான். ஈட்டி அவன் இடது விலாவுக்கும் கைக்கும் நடுவே புகுந்து போயிற்று. மறுநாள் ஊர்க்கமிட்டி கூடி, விசாரித்து, ஈட்டிக்கு முன்னால் இருந்த குற்றத்துக்காகச் செலஸ்டின் ஆறு மாதம் கடலில் கால் நனைக்கக் கூடாது என்று தீர்ப்புச் சொல்லிற்று. சுட்டவனுக்குத் தண்டனை ஒன்றும் இல்லை. புத்தம்புது ஈட்டி தொலைந்துவிட்டதே என்று நாலு பேர் அவன் தோளைத் தட்டிக்கொடுத்தார்கள்.

செலஸ்டினின் தங்கை ரெமிஜியா அப்போது ஊரில் இல்லை. பல்கலைக்கழக விடுதியில் இருந்து முதுகலை படிக்கிறவள். அண்ணன் மனைவி சலேத் போனில் விஷயத்தைச் சொன்னபோது அவளுக்குக் காதில் சரியாக விழவில்லையோ என்று தோன்றியது.

"மைனி, மாத்திச் சொல்லுதீங்க. சுட்டவனுக்குத்தானே தடை?"

"நான் மாத்திச் சொல்லல ரெமி. ஊருதான் மாத்திச் சொல்லிருக்கு."

மறுநாள் காலை முதல் பஸ்ஸில் ரெமிஜியா சாளைப்பாறையில் வந்து இறங்கினாள். அவள் பையை இறக்கி வைக்கும் முன்பே கேட்க ஆரம்பித்தாள், கேட்கக் கேட்க அவளுக்கு விளங்கியது இதுதான்: அந்த ஊரில் கடலில் கருவி இழந்தவன்தான் வாதி. வலை அறுந்தால் வலைக்காரன் முதலில் பேசுவான், அவன் பேசி முடிக்கும்வரை எதிராளி வாய் திறக்கக் கூடாது, பிறகு வலைக்காரன் மூன்று கேள்வி கேட்பான், எதிராளி மணலில் வெறுங்காலோடு நின்று பதில் சொல்ல வேண்டும், குறுக்கே போனவன் எவனோ அவன் பேரில்தான் குற்றம். வலைக்கு அது சரியான முறை. ஆனால் அன்றைக்குக் கடலில் தொலைந்திருந்த ஒரே கருவி ஈட்டி. ஆகவே ஈட்டிக்காரன் வாதி ஆனான், குறுக்கே இருந்த செலஸ்டின் எதிராளி ஆனான், எல்லாம் முறைப்படி நடந்தது, முறைப்படியே அநியாயமும் நடந்தது.

ஈட்டிக்காரன் பெயர் டெனிஸ்டன். ஊரின் ஒரே ஐஸ் கம்பெனி அவன் அப்பா இன்னாசி மிராந்தாவுடையது, கமிட்டித் தலைவரும் அவரே. அவரைக் கெட்ட மனிதர் என்று யாரும் சொல்ல முடியாது. சாவு வீட்டுக்கு முதல் ஆளாக வருவார், ஐஸ் கட்டியைத் தானே தோளில் தூக்கிவருவார். ஆனால் ஐஸ் இல்லாவிட்டால் மத்தியானத்துக்குள் மீன் நாறிவிடும், அதனால் அவர் முகம் சுளிக்கும்படியான கேள்வி எதுவும் அந்த ஊரில் யாருக்கும் தோன்றுவதே இல்லை.

வாரத்தில் ஆறு நாள் சங்கு குளிப்பது செலஸ்டினுக்கு வயிற்றுப்பாடு. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் ஈட்டித் துப்பாக்கியோடு இறங்குவது ஆசை. ஆசைக்குத்தான் அவன் கட்டுப்பாடு அதிகம் வைத்திருந்தான்: ஒருவன் கீழே போனால் ஒருவன் மேலே மிதவையைப் பிடித்துக்கொண்டு அவன்மேல் வைத்த கண்ணை எடுக்கக் கூடாது, கீழே எத்தனை நேரம் மூச்சடக்கினானோ அதைப்போல் இரண்டு மடங்கு மேலே இளைப்பாற வேண்டும், மிதவையில் சிவப்புக் கொடி பறக்க வேண்டும், வள்ளத்துக்குள் வைத்துத் துப்பாக்கியின் ரப்பரை இழுத்து மாட்டக் கூடாது, காப்பகத் தீவுகளின் பக்கம் தலைவைத்தும் படுக்கக் கூடாது, முட்டை தாங்கி வயிறு பெருத்த களவா மீனைத் தொடக் கூடாது, அன்றைக்குச் சட்டிக்கு எத்தனை மீன் வேண்டுமோ அத்தனையோடு கரையேற வேண்டும், இத்தனைக்கும் மேலாக, மீனின் கண்ணைப் பார்க்காமல் விசையில் விரல் வைக்கக் கூடாது. வாலைப் பார்த்துச் சுடாதே, நிழலைப் பார்த்துச் சுடாதே, அசைவைப் பார்த்துச் சுடாதே, கண்ணைப் பார்.

"ஒரு மீனு தின்னுததுக்கு இம்புட்டுச் சட்டமா? என்னையக் கட்டும்போதுகூட இம்புட்டு யோசிக்கலியே இந்த மனுசன்" என்று சலேத் சிரிப்பாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை செலஸ்டின் டெனிஸ்டனைத் துணைக்குக் கூட்டிப் போயிருந்தான். முந்தின நாள் காற்றில் கடல் கலங்கிக் கிடந்தது. "நான் இறங்கி அந்தப் பெரிய பாறைக்கிட்ட தண்ணி எப்பிடி இருக்குன்னு பாத்துட்டு வாரேன். தெளிவில்லன்னா வீட்டுக்குப் போயிருவோம். நீ மிதவையப் பிடிச்சுக்கிட்டு இரு, துப்பாக்கியத் தொடாத" என்று சொல்லிவிட்டு இறங்கினான். பாறைப் பொந்துக்குள் தலையைவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தபோது விலாவோரம் ஏதோ சூடாக உரசிற்று. மேலே வந்து பார்த்தால் டெனிஸ்டன் வெறும் துப்பாக்கியும் அறுந்த நூலுமாக மிதந்துகொண்டிருந்தான். "நீ இடம் மாறிட்ட அண்ணே, நீ இடம் மாறிட்ட" என்று திரும்பத் திரும்பச் சொன்னான். கமிட்டியிலும் அதையே சொன்னான். இல்லை என்று செலஸ்டின் சொன்னான். கீழே வேறு சாட்சி கிடையாது, மீன்களைத் தவிர.

ஈட்டி எங்கே போயிற்று என்று ஒருவரும் யோசிக்கவில்லை. புதன்கிழமை காலையில் அது கடலிலிருந்து வெளியே வந்தது.

நெஞ்சு உயரத்தில், தரைக்குச் சமமாக, அறுந்த நூல் பின்னால் தொங்க, அவசரமே இல்லாமல், கருவாடு காயப்போட்டுக்கொண்டிருந்த பெண்களின் நடுவே அது வந்தது. தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

"யாரோடதுட்டி இது?"

"டெனிஸ்டனோடதுதான். இன்னும் தைக்கல போல."

"அப்ப விலகுங்கட்டி, அது சோலியா போவுது."

பெண்கள் விலகினார்கள். ஈட்டி மணல்மேட்டைத் தாண்டி, கோயிலைச் சுற்றாமல் மதிலை ஒரு காசு அகலத்துக்குத் துளைத்துக்கொண்டு உள்ளே போய் அந்தப் பக்கம் வெளியே வந்து, நடுத்தெருவில் ஏறி, காலைத் தேநீருக்கும் மத்தியானச் சோற்றுக்கும் நடுவே தெருவை முடித்து, செலஸ்டின் வீட்டு வாசலுக்கு வந்தது. அவன் பழுதான சங்குப்பையைத் தைத்துக்கொண்டிருந்தான். எழுந்து இடப்பக்கம் நகர்ந்தான். ஈட்டி இடப்பக்கம் முகம் திருப்பியது. வலப்பக்கம் நகர்ந்தான், அதுவும் வந்தது. அவன் ஊசியையும் நூலையும் சலேத்திடம் கொடுத்துவிட்டு, செருப்பைப் போட்டுக்கொண்டு, தெருக்கோடிவரை நடந்துவிட்டு வருவதாகச் சொல்லிக் கிளம்பினான். அன்றிலிருந்து நடந்துகொண்டே இருந்தான்.

அதை நிறுத்திப் பார்க்காமல் இல்லை. பதினாறு பேர் நங்கூரக் கயிற்றை அதன் கழுத்தில் கட்டி, வள்ளம் இழுக்கிற பாட்டுப் பாடி இழுத்தார்கள், அது பதினாறு பேரையும் இழுத்துக்கொண்டு பள்ளிக்கூடம்வரை போயிற்று. ஞானமுத்து கொத்தனார் கருங்கல்லில் ஒரு தடுப்பு எழுப்பினார், அது அதில் ஓர் ஓட்டை போட்டது, அவர் மறுநாள் அந்த ஓட்டையில் பிளாஸ்டிக் குழாய்த் துண்டு ஒன்றைச் சொருகி ஓரத்தைச் சிமெண்டால் பூசி அழகாக்கிக் கொடுத்தார். அதைப் பார்த்து மற்றவர்களும் தங்கள் வீட்டுச் சுவர்களில் குழாய் வைத்துக்கொண்டார்கள். பத்து நாளில் ஊர் அதற்குப் பழகிவிட்டது. தேநீர்க் கடைக்காரர் அது வரும் நேரம் பார்த்து முன்கதவையும் பின்கதவையும் திறந்து வைத்தார். கோயில் வேலைகளைப் பார்க்கும் கோயில்பிள்ளை சப்பரம் போகும் வழியை மாற்றி எழுதி ஒட்டினார். லாரியில் நீட்டிக்கொண்டிருக்கும் கம்பிக்குக் கட்டுவதுபோல யாரோ அதன் வாலில் ஒரு சிவப்புத் துணியைக் கட்டிவிட்டிருந்தார்கள். கீழத்தெருப் பெண்கள் மேலத்தெருவுக்குக் கொடுத்தனுப்ப வேண்டிய தூக்குவாளிகளை அதில் மாட்டிவிட்டார்கள், குழம்பு சிந்தாமல் போய்ச் சேர்ந்தது.

பழகாதவள் ரெமிஜியா ஒருத்திதான்.

"எல்லாரும் சொவத்துல ஓட்டை போடுதீங்க, குழாய் வைக்கீங்க, வாளி மாட்டுதீங்க" என்று தேநீர்க் கடையில் நின்று கத்தினாள். "சுட்டவன்கிட்ட ஒரு கேள்வி கேக்கதுக்கு மட்டும் ஒருத்தருக்கும் நேரம் இல்ல."

"பிள்ள, ஐஸ் வண்டி வார நேரம், கொஞ்சம் மெதுவாப் பேசு" என்றார் கடைக்காரர்.

அவள் காவல் நிலையத்துக்கும் போனாள். இன்னும் குத்தலையேம்மா, குத்தினால் வாங்க என்றார்கள்.

செலஸ்டின் ஊரின் ஒரு கோடியில் தூங்குவான், ஈட்டி மறுகோடியிலிருந்து வரும். நாலு மணி நேரத்துக்கு மேல் எங்கேயும் கண் மூட முடியாது. ஈட்டி பள்ளிக்கூட வாசலைத் தாண்டியதும் சலேத் வந்து எழுப்புவாள், அவன் எழுந்து ஒரு சுற்றுச் சுற்றி மறுகோடிக்குப் போவான். உட்கார்ந்து சாப்பிடுவதை விட்டுவிட்டான். கடல் பக்கம் மட்டும் போகவில்லை. தடை தடைதான் என்றான். அந்த ஒழுங்கைப் பார்த்துத்தான் ரெமிஜியாவுக்கு ஈட்டியைவிட அண்ணன்மேல் கோபம் வந்தது.

பதினைந்தாம் நாள் இன்னாசி மிராந்தா தானே தேடி வந்து, அவனோடு கூடவே நடந்துகொண்டு, அன்பாகச் சொன்னார்: "செலஸ்டின், நீ ஏன்யா கஷ்டப்படுத? திருச்சிப் பக்கம் உன் சகலை இருக்கான்லா. பஸ் ஏறிப் போயிரு. அது வந்து சேர எத்தன மாசம் ஆகுமோ. வந்தா வேற ஊருக்குப் போ."

"வழியில இருக்க ஊருக்கெல்லாம் யாரு மாமா சொல்லுவா?" என்று கேட்டான் செலஸ்டின். "இங்க எல்லாருக்கும் விலகத் தெரியும். அங்க தெரியாதுல்லா. முந்தாநாள் கிராசி வீட்டு ஆடு குறுக்க நின்னுது, தொடையக் கிழிச்சிட்டுப் போச்சு. ஆளு நின்னா?"

"அதெல்லாம் நீ பாக்க வேண்டிய விசயமாய்யா?"

"சுட்டவன் பாக்கலியே மாமா" என்றாள் பின்னால் வந்த ரெமிஜியா. அவர் அவளைத் திரும்பிப் பார்த்துவிட்டு, ஐஸ் உடைக்கிற நேரமாயிற்று என்று போய்விட்டார்.

பதினெட்டாம் நாள் பகலில் சலேத் ரேஷன் கடை வரிசையில் மாட்டிக்கொண்டாள். ரெமிஜியா பேருந்து நிறுத்தத்துக்கு வந்தபோது அண்ணன் சிமெண்டு பெஞ்சில் உட்கார்ந்தபடியே வாய் பிளந்து தூங்கிக்கொண்டிருந்தான். ஈட்டியின் முனை அவன் சட்டைப் பைக்குள் இருந்தது. அவள் அவனைக் காலைப் பிடித்துத் தரையில் இழுத்துப் போட்டாள். சட்டை பர்ரென்று கிழிந்தது. பெஞ்சின் முதுகைத் துளைத்துக்கொண்டு ஈட்டி மெல்ல வளைந்து திரும்ப ஆரம்பித்தது. மார்பில் ஒரு விரல் நீளத்துக்குக் கோடு போட்டதுபோல ரத்தம்.

செலஸ்டின் தரையில் கிடந்தபடியே சொன்னான்: "ரெமி, இனி என்னால நடக்க முடியாது. நாளைக்குக் கமிட்டி கூடுதுல்லா. அங்க போய் உக்காரப்போறேன். என்னமோ ஆவட்டும்."

"அங்க உக்காந்தாச் செத்துப்போவ."

"இப்பிடி நடந்தாலும் அதான்."

மறுநாள் ஞாயிறு. பூசை முடிந்து வலைக்கொட்டகையில் கமிட்டி கூடியது. வரிசையாக ஆறு தூண்கள் உள்ள நீண்ட கொட்டகை. தெருப்பக்கம் வாசல், கடல் பக்கம் ஏழு பேருக்கு நாற்காலி. செலஸ்டின் நாற்காலிகளுக்கு முன்னால், ஆறாம் தூணை ஒட்டி, ஒரு மீன்கூடையைக் கவிழ்த்துப்போட்டு உட்கார்ந்தான். கொட்டகை நிறைய ஆட்கள். கூட்டத்தின் ஓரத்தில் டெனிஸ்டன் நின்றான். அவன் கையில் கொஞ்சம் சிவப்புத் துணி சுருட்டி இருந்ததை ரெமிஜியா அப்போதுதான் கவனித்தாள். வாலில் துணி கட்டியவன் அவன்தான். வெயிலில் பழையது வெளுக்க வெளுக்கப் புதிது கட்டிக்கொண்டிருக்கிறான்.

வாசலில் ஈட்டி தெரிந்தது. ஆட்கள் பழகிய கால்களோடு நடுவில் வழிவிட்டார்கள். ஒரு தூணிலிருந்து அடுத்த தூணுக்கு மூன்று நிமிடம் என்று சலேத் எண்ணி வைத்திருந்தாள்.

"வழக்கு இருக்கு" என்றாள் ரெமிஜியா.

"பொம்பளப் பிள்ள கமிட்டியில பேசுத வழக்கம் இல்லம்மா" என்றார் ஒருவர்.

"ஈட்டி தெருவுல நடக்க வழக்கமும் இல்ல சித்தப்பா. அதுக்கு வழி விடல?"

யாரோ சிரித்தார்கள். இன்னாசி மிராந்தா சிரிக்கவில்லை. "இந்த வழக்கு முடிஞ்ச வழக்கு" என்றார்.

"முடிஞ்சது எதுக்கு மாமா? தொலைஞ்ச ஈட்டிக்கு. அந்தா ஈட்டி. தொலையல. ஊரே பதினெட்டு நாளா அதுல வாளி மாட்டிருக்கு. கருவி கிடைச்சா வழக்கு கலைஞ்சுரும்னு உங்க முறை சொல்லுதா இல்லையா? வலை மறுநாள் கரை ஒதுங்கினா அப்பிடித்தானே செய்யுதீங்க?"

ஏழு பேரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். முறை அப்படித்தான் சொன்னது. ஈட்டி முதல் தூணைத் தாண்டியது.

"அது கலைஞ்சுது. இப்ப நாங்க வழக்குக் குடுக்கோம். எங்க அண்ணன் தூக்கத்தை இழந்துட்டான், வேலைய இழந்துட்டான், மானத்தை இழந்துட்டான். கருவி இழந்தவன் வாதின்னா, ஒரு குளியாளிக்கு அவன் உடம்பைத் தவிர வேற என்ன கருவி இருக்கு? நாங்கதான் வாதி. மூணு கேள்வி எங்களுக்கு. டெனிஸ்டன் செருப்பைக் கழத்திட்டு மணல்ல வந்து நிக்கணும்."

பேச்சு எழுந்தது. கூடாது என்றார்கள், கூடும் என்றார்கள், பழைய வழக்கொன்றை ஒருவர் நினைவுபடுத்தினார், இன்னொருவர் அது வேறு என்றார். அவர்கள் பேசிக்கொண்டிருக்கையில் இரண்டாம் தூண் போயிற்று. மூன்றாம் தூணும் போயிற்று. செலஸ்டின் கைகளை முழங்காலில் வைத்துக்கொண்டு ஈட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தான். சலேத் கூட்டத்துக்குள்ளிருந்து உரக்கச் சொன்னாள்: "பேசுங்க, பேசுங்க. இன்னும் ஒம்பது நிமிசம் இருக்கு."

டெனிஸ்டன் தானாகவே செருப்பைக் கழற்றிவிட்டு, ஈட்டியின் வழிக்கு ஒதுங்கி, நாற்காலிகளுக்கு முன்னால் மணலில் வந்து நின்றான்.

"ரப்பரை எங்க வச்சு இழுத்து மாட்டின?" என்று கேட்டாள் ரெமிஜியா.

அவன் அப்பாவைப் பார்த்தான். பிறகு மணலைப் பார்த்தான். "வள்ளத்துல. அண்ணன் இறங்குன உடனே."

கூட்டத்தில் முணுமுணுப்பு. நாலாம் தூண் அருகில் ஈட்டி லேசாக நடுங்கியது, ஆனாலும் வந்தது.

"சுடும்போது என்ன பாத்த?"

"களவா."

ஈட்டி ஐந்தாம் தூணை நோக்கி வந்தது.

"பாத்தியா, நெனச்சியா?"

"இது மூணாவது கேள்வி!" என்று இன்னாசி மிராந்தா எழுந்தார்.

"இல்ல மாமா, ரெண்டாவதுக்கே இன்னும் பதில் வரல. டெனிஸ்டன், ஒண்ணாங்கிளாஸ்ல இருந்து உன்னத் தெரியும். பொய் சொல்லும்போது உனக்குக் காது செவக்கும். இப்பச் செவந்திருக்கு. அதோட கண்ணு எப்பிடி இருந்துது, சொல்லு. மஞ்சளா, கறுப்பா?"

ஐந்தாம் தூணும் போயிற்று. பக்கத்தில் நின்றவர்கள் பின்வாங்கினார்கள். செலஸ்டின் நகரவில்லை. ஈட்டிமுனைக்கும் அவன் சட்டைக்கும் இடையில் ஒரு முழம் இருந்தது, பிறகு ஒரு சாண் இருந்தது, பிறகு நாலு விரல்.

"கண்ணைப் பாக்கல" என்றான் டெனிஸ்டன். "பொந்துக்கு வெளிய கறுப்பா ரெண்டு ஆடிச்சு. கால்ல மாட்டுத ரப்பர் துடுப்புன்னு தெரியல. கலங்கலா இருந்துச்சு. பாக்கல."

ஈட்டி நின்றது. மார்பில் நேற்று வரைந்த கோட்டின்மேல் முனை தொட்டபடி, அந்தரத்தில் நின்றது. பத்தொன்பது நாளில் அது நின்றதை ஊர் முதல்முறையாகப் பார்த்தது. அதன் வாலில் துணி ஆடுவதும் மெல்ல நின்றது.

இன்னாசி மிராந்தா மெல்ல உட்கார்ந்து, துண்டால் முகம் துடைத்தார். "சரி. பையன் சொல்லிட்டான். தெரியாம நடந்துபோச்சு. செலஸ்டின் மேல உள்ள தடைய எடுத்தாச்சு. ரெண்டு பேரும் கை குடுத்துக்கிடுங்க, எல்லாரும் வீட்டுக்குப் போங்க."

சிலர் நகர ஆரம்பித்தார்கள்.

"யாரும் போகாதீங்க" என்றாள் ரெமிஜியா. "நின்னுருக்கு, விழல. எனக்கு இன்னும் ஒரு கேள்வி பாக்கி இருக்கு."

"போதும்மா" என்றார் அவர். "அவன் எனக்கு ஒத்தப் பிள்ள. ஊரு முன்னால இதுக்கு மேல என்ன வேணும் உனக்கு?"

"நீங்க அன்னைக்கு இவனைக் கேக்க விட்ட அதே கேள்விதான் மாமா. எங்க அண்ணன் பதில் சொன்னான், நீங்க நம்பல. இன்னைக்கு அதுக்கு இவன் பதில் சொல்லட்டும்." அவள் டெனிஸ்டன் பக்கம் திரும்பினாள். இத்தனை நாள் கத்தியவள், இதை மட்டும் தாழ்ந்த குரலில் கேட்டாள். "எங்க அண்ணன் சொன்ன இடத்த விட்டு நகந்தானா?"

கொட்டகைக்கு வெளியே ஐஸ் கம்பெனியின் இயந்திரம் ஓடிக்கொண்டிருக்கும் சத்தம் கேட்டது. இன்னாசி மிராந்தா மகனைப் பார்த்தார். "யோசிச்சுச் சொல்லு" என்றார். செலஸ்டின் தலையைத் திருப்பாமல், ஈட்டியைப் பார்த்தபடியே இருந்தான். டெனிஸ்டன் கையிலிருந்த துணியைக் கீழே போட்டான், அப்பாவைப் பார்க்கவில்லை, கமிட்டியைப் பார்க்கவில்லை, செலஸ்டினின் முகத்தைப் பார்த்து, கண்ணைப் பார்த்து, சொன்னான்:

"நகரல. அண்ணன் சொன்ன இடத்துலதான் இருந்தான். மேல மிதவையப் பிடிச்சுக்கிட்டு அவனைப் பாத்துக்கிட்டு இருக்க வேண்டிய ஆளு நான். நான்தான் பாக்கல."